பதினேழாவது ஆட்டம்

ராணியை இறக்க வேண்டிய இடத்தில் ஃபென்னா ஏஸை இறக்கினாள்.

எதிர்ப்பக்கம் கூட்டாளி மென்னோவின் சீட்டுகள் திரையில் விரிந்து கிடந்தன. கிளாவரில் ஏஸும் ராணியும் அங்கே இருந்தன, ராஜா இல்லை. ராஜா இடது பக்கத்து ஆளிடம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஏலத்தின்போதே அவர் வாய் திறந்திருந்தார். அவரிடம் இருந்தால் ராணி பிடிக்கும். எடுப்பதாகச் சொன்ன ஒன்பது பிடிக்கு மேல் பத்தாவது ஒன்று வரும். பத்துக்கு ஏழு தடவை அப்படித்தான் நடக்கும். மீதி மூன்று தடவை ராணி விழும், எதிராளிகள் ஆட்டின் சீட்டுகளில் நாலு பிடியை வரிசையாக அள்ளிக்கொண்டு போவார்கள், ஒன்பது சொன்னவள் எட்டோடு நிற்பாள்.

புதன்கிழமை மதிய ஆட்டத்தில் இப்படி ஒரு கை வந்தால் பிரிட்ஜ் சங்கத்தில் எல்லோரும் ராணியைத்தான் இறக்குவார்கள். ஃபென்னாவும் எத்தனையோ தடவை இறக்கியிருக்கிறாள். அன்று இறக்கவில்லை. கையில் இருந்த ஒன்பது பிடியை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டு மீதி நாலையும் கொடுத்துவிட்டாள். மென்னோ தன் வீட்டிலிருந்து அரட்டைப் பெட்டியில் "நன்றி, கூட்டாளி" என்று எழுதினான். எப்போதும் எழுதுவதுதான். எழுதுவதற்கு முன் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான்.

மூன்று நிமிடத்துக்கு முன்புதான் அவள் வேறொரு சொல்லைப் பார்த்திருந்தாள்.

அவளுடைய சாப்பாட்டு மேசையில் இரண்டு கருவிகள் இருக்கும். மடிக்கணினியில் ஆடுவாள். பக்கத்தில் ஒரு கைக்கணினியில் போட்டியை நடத்துவாள். பதினாறாவது ஆட்டம் முடிந்த நேரம் மூன்றாம் மேசையில் ஹில்யேவின் தொடர்பு அறுந்துபோயிற்று. "படம் நின்னுபோச்சு ஃபென்னா. மாவு பிசைஞ்ச கையால தொட்டுத் தொலைச்சேன்" என்று தொலைபேசியில் சொன்னாள். அவளைத் திரும்ப உட்கார வைக்க ஃபென்னா நடுவருக்கான பக்கத்தைத் திறந்தாள். மேலே நாலு வரி. போட்டியின் பெயர். பதினான்கு ஜோடி. இருபத்துநாலு ஆட்டம். எண்ணும் முறை: பட்லர்.

சதவீதம் என்று இருந்திருக்க வேண்டும்.

எப்படி நடந்தது என்பது உடனே தெரிந்தது. அவள் எந்தப் போட்டியையும் புதிதாக உண்டாக்குவதில்லை. பழையதை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றுவாள். சாதாரணப் புதன்கிழமைகளில் இருபத்திரண்டு ஜோடி வரும். அன்று குளிர்காலக் கோப்பையின் கடைசி நாள், பன்னிரண்டு வார ஆட்டத்தில் தேறிய பதினான்கு ஜோடி மட்டும். பதினான்கு ஜோடிக்கான பழைய பக்கம் ஒன்றுதான் இருந்தது: புத்தாண்டு விளையாட்டு. அதை வேடிக்கைக்காகப் பட்லர் முறையில் வைத்திருந்தார்கள்.

இரண்டு முறையும் ஒன்றுக்கொன்று எதிர் சுபாவம். ஒரே சீட்டுகளைத்தான் ஏழு மேசையிலும் ஆடுகிறார்கள். சதவீத முறையில் அடுத்த மேசையை முந்தினாயா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. பத்துப் புள்ளியில் முந்தினாலும் ஆயிரத்தில் முந்தினாலும் ஒன்றே. அதனால் கூடுதலாக ஒரு பிடி கிடைக்குமென்றால் கழுத்தை நீட்டுவார்கள். பட்லரில் எவ்வளவு முந்தினாய் என்பது கணக்கு. அங்கே கூடுதல் பிடி ஒன்று வெறும் தூசு. சொன்னதை எடுக்காமல் விட்டால்தான் அடி. ஒன்றில் துணிந்தவர் பிழைப்பார், மற்றதில் பத்திரமாக இருப்பவர்.

மின்னஞ்சலில் சதவீதம் என்றே அறிவித்திருந்தாள். பதினான்கு ஜோடியும் சதவீதத்துக்குத்தான் ஆடிக்கொண்டிருந்தது. கணினி பட்லருக்கு எண்ணிக்கொண்டிருந்தது. முடியும்வரை யாருக்கும் புள்ளி தெரியக்கூடாது என்று சங்கம் கை தூக்கி முடிவு செய்திருந்தது; நடுவில் தெரிந்தால் பின்தங்கியவர்கள் காபி போட எழுந்து போகிறார்கள், திரும்பி வருவதில்லை. ஆகவே இந்த விஷயம் இருபத்தெட்டுப் பேரில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் எழுதத் தொடங்கினாள். 'அனைவருக்கும்' என்பதைத் தொட்டு 'ஒரு தவறு' வரை எழுதினாள். அதற்குள் மடிக்கணினியில் பதினேழாவது ஆட்டத்தின் சீட்டுகள் வந்து விழுந்தன. அவள்தான் முதலில் பேச வேண்டும். கடிகாரம் ஓடியது. முடித்துவிட்டு எழுதலாம் என்று அழித்தாள்.

அது முடிந்ததும் பதினெட்டு வந்தது. இருபதாவதில், இனி எழுதினால் ஏன் அப்போதே எழுதவில்லை என்பார்கள் என்று தோன்றியது. இருபத்திரண்டில் எதுவும் தோன்றவில்லை. அந்தக் கடைசி ஏழு ஆட்டத்தில் முடிவெடுக்கும் வேலை அவள் கைக்கு வரவில்லை. எதிராளிகள் ஏலம் எடுத்தார்கள், ஆடினார்கள். கேட்ட சீட்டை அவள் போட்டாள்.

*

அவளுக்கு அறுபத்தொன்பது வயது. டெல்ஃப்சைல் துறைமுக அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தவள். ஆற்றுமுகத்திலிருந்து உள்ளே வருகிற கப்பலுக்கு எத்தனை மணி, எத்தனையாவது இடம், தண்ணீர் எவ்வளவு என்று சொல்வாள். கப்பல்களை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கிவிடும் கப்பல் மதகின் காவலன் மென்னோ. முதல் ஒன்பது வருஷம் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அவள் "மதகு" என்று கூப்பிடுவாள், அவன் "துறைமுகம்" என்பான். அலைவரிசையில் சொந்தப் பேச்சுக்கு இடமில்லை. யாரோ ஒருவர் ஓய்வு பெற்ற விருந்தில் முதன்முதலாகச் சந்தித்தபோது அவன், "குரலை வெச்சு இன்னும் ஒரு அடி உயரமா நெனச்சிருந்தேன்" என்றான். அதற்குப் பின் மறுபடி பல வருஷம் குரல் மட்டும்தான்.

அவள் புருஷன் ஸிக்கோ பள்ளியில் கணக்கு வாத்தியார். கல்யாணமான முதல் குளிர்காலம் அவளுக்கு பிரிட்ஜ் சொல்லிக்கொடுத்து, கூட்டாளியாக உட்கார வைத்தான். மார்ச் மாதம் ஒருநாள் காரில் திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு, "நீ நல்லா எண்ணுற, ஃபென்னா. ஆடுறது வேற" என்றான். அடுத்த வாரம் பல் டாக்டர் ரெய்ண்டோடு உட்கார்ந்தான். அவளுக்கு எண்ணும் வேலை கிடைத்தது.

பொதுமண்டபத்தில் குடிபானக் கூடத்தின் பின்னால் அவளுக்கு ஒரு ஸ்டூல். ஒவ்வொரு ஆட்டத்தின் சீட்டுகளோடும் ஒரு காகிதம் மேசை மேசையாகச் சுற்றும். கடைசியில் மடித்து அவளிடம் வந்து சேரும். நீ முந்திய ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு, சமமானால் ஒன்று, பிந்தினால் ஒன்றுமில்லை. பென்சிலால் எழுதிக் கூட்டுவாள். மற்றவர்கள் கையில் கோப்பையோடு நின்று, "முடிஞ்சுதா ஃபென்னா, வீட்டுக்குப் போக வேண்டாமா" என்பார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை ரெய்ண்ட் மறுபடி எண்ணச் சொன்னார். எண்ணினாள். அதே தொகை வந்தது. அவர் அவளுக்கு ஒரு கிளாஸ் ஜின் வாங்கிக் கொடுத்தார், மன்னிப்புக் கேட்கவில்லை.

பிறகு மேசைக்கு மேசை சின்ன எந்திரம் வந்தது. பிறகு நோய் வந்த வருஷம் மண்டபத்தை மூடினார்கள். சீட்டு இணையத்துக்குப் போயிற்று. நடத்துவதற்கு ஆள் வேண்டியிருந்தது. அந்தத் தளத்தின் விருப்பத் தேர்வுப் பக்கத்தை முழுக்கப் படித்தவள் அவள் ஒருத்திதான். ஜோடியா, நால்வர் அணியா, ஆளுக்கு ஆள் கூட்டாளி மாறுவதா. எல்லோரும் ஒரே மணியில் மேசை மாறுவதா, முடித்தவர் முடித்தபடி நகர்வதா. ஜெயித்தவரை ஜெயித்தவரோடு மோதவிடுவதா. போட்ட சீட்டைத் திரும்ப எடுக்கலாமா. இதையெல்லாம் பெரிய எழுத்தில் இரண்டு பக்கமாக அச்சடித்து, சைக்கிளில் போய் ஒவ்வொரு வீட்டுத் தபால் துவாரத்திலும் போட்டாள். பொதுக்கூட்டத்தில் ரெய்ண்ட் எழுந்து, "ரெண்டு பக்கத்தை ஒரு பக்கமா ஆக்க முடியுமா? அந்த ஒரு பக்கத்துல 'மதியம் ஒண்ணரை'ன்னு மட்டும் போட்டா போதும்" என்றார். சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஸிக்கோ போய் ஆறு வருஷம். அவன் போன இரண்டாவது குளிர்காலம் மீன் கடையில் மென்னோ அவள் பின்னால் வரிசையில் நின்றான். "துறைமுகம், புதன்கிழமைக்கு ஆள் வேணுமா?"

"நீ ஆடுவியா?"

"மதகுல ரெண்டு கப்பலுக்கு நடுவுல என்ன செஞ்சேன்னு நெனச்சே?"

நாலு குளிர்காலம் ஆடினார்கள். எட்டாவது, ஐந்தாவது, மூன்றாவது, மறுபடி ஐந்தாவது. இது ஐந்தாவது குளிர்காலம். பன்னிரண்டு வாரத்தில் அவர்கள்தான் முன்னால். ஆனால் கோப்பை அந்தக் கடைசி நாளில் முதலாவது வருகிறவர்களுக்குத்தான்.

மண்டபத்தில் உடைகள் மாட்டும் இடத்துக்கு மேலே மரப்பலகை இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு ஜோடியின் பெயரைப் பொன்வண்ணத்தில் எழுதுவார்கள். ஸிக்கோவின் பெயர் ரெய்ண்டின் பெயரோடு ஏழு தடவை இருக்கிறது. ஃபென்னாவுக்கு ஒரு தடவை போதும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஜனவரியில் ஒருநாள் ஆட்டம் முடிந்து தொலைபேசியில் மென்னோவிடம் மட்டும், "ஒரு தடவை" என்றாள். எது என்று அவன் கேட்கவில்லை.

*

நாலே முக்காலுக்கு இருபத்துநாலாவது ஆட்டம் முடிந்தது. புள்ளிகள் ஒரே சமயத்தில் எல்லோருடைய திரையிலும் வந்தன. முதலாவது ஃபென்னா, மென்னோ: கூட்டல் முப்பத்தொன்று. இரண்டாவது ரெய்ண்டும் அவர் மனைவி ஆலிடாவும்: கூட்டல் இருபத்தேழு.

அரட்டைப் பெட்டி நிரம்பியது.

"இதென்ன கூட்டல்? சதவீதம் எங்க?"

"எங்களுக்குக் கழித்தல் நாப்பத்திரண்டு. வெளியில இருக்கிற குளிரே தேவலாம்."

"ஃபென்னாவுக்கு இன்னும் புத்தாண்டு முடியல."

"பட்லரா? தெரிஞ்சிருந்தா நான் பாதி ஆட்டத்துல வாயே திறந்திருக்க மாட்டேன்."

"நீ எப்ப வாய மூடினே, ஹார்ம்?"

ஃபென்னா எழுதினாள்: "எண்ணும் முறை தவறாகப் பதிவாகிவிட்டது. தவறு என்னுடையது. பார்த்துச் சொல்கிறேன்." ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஐந்து மணிக்கு உருளைக்கிழங்கு அடுப்பில் இருக்க வேண்டிய ஊர் அது.

முதலில் கூப்பிட்டவள் ஆலிடா. இந்த வருஷம் சங்கத்தின் தலைவியும் அவள்தான்.

"ஏம்மா ஃபென்னா, உன்னை வாழ்த்தணுமா திட்டணுமா?"

"ரெண்டாவதைச் செய்யுங்க. பழைய பக்கத்தை நகலெடுத்தேன். முறையைப் பார்க்கல."

"நடக்கிறதுதான். இப்ப இதை என்ன செய்றது, சொல்லு. சதவீதத்துல மறுபடி எண்ணணும்னு நான் சொன்னா, ரெண்டாவது வந்தவ புருஷனுக்காகப் பேசுறான்னு சொல்வாங்க. வேண்டாம்னு நீ சொன்னா, முதல் வந்தவ தனக்காகப் பேசுறான்னு சொல்வாங்க. சங்கத்துல வேற நடுவரும் கிடையாது."

பின்னாலிருந்து ரெய்ண்டின் குரல் கேட்டது. பாத்திரங்களின் சத்தத்துக்கு மேலே பேசினார். "அப்படியே விடச் சொல்லு. எல்லாருக்கும் ஒரே முறையிலதானே எண்ணியிருக்கு. எல்லாரும் ஒரே இருட்டுல ஆடினோம். இருட்டு எல்லாருக்கும் சமம்."

"கேட்டியா?" என்றாள் ஆலிடா.

"கேட்டுச்சு."

"ஏழு தடவை என் பேரைப் பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துப்போச்சு" என்றார் ரெய்ண்ட். "அவ பேரும் ஒரு ஓரத்துல இருந்துட்டுப் போகட்டுமே. ஸிக்கோ இருந்தா சந்தோஷப்பட்டிருப்பான்."

"டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஸிக்கோ இருந்திருந்தா மறுபடி எண்ணச் சொல்லியிருப்பான்" என்றாள் ஃபென்னா.

ஆலிடா அதை அவரிடம் சொல்லவில்லை. "ஏழு மணிக்குள்ள முடிவு சொல்லிடு. செய்தி மடலுக்கு அனுப்பணும். நான் உன் இடத்துல இருந்தா விட்டுடுவேன்" என்று வைத்தாள்.

தொலைபேசியைக் கையில் வைத்தபடி ஃபென்னா ஜன்னலைப் பார்த்தாள். கடல் தடுப்புக் கரையின் மேல் ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன. ஒரே இருட்டு என்று ரெய்ண்ட் சொன்னது பதினாறாவது ஆட்டம் வரைக்கும் சரி. அதற்குப் பிறகு ஒரு மேசையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தொலைபேசி கையிலேயே மறுபடி அடித்தது.

"துறைமுகம்."

"சொல்லு, மதகு."

"நாம முதல்."

"ஆமா."

அவன் நாற்காலியை இழுத்துப் போடுவது கேட்டது.

"பதினேழுல ஏன் ராணியை இறக்கல?" என்றான் மென்னோ.

அவள் கைக்கணினியைக் கவிழ்த்து வைத்தாள்.

"நாலு வருஷமா உன் எதிர்ல உட்கார்ந்திருக்கேன். நீ இறக்காம விட்டதே இல்ல. விழும்னு தெரிஞ்சே இறக்குவே. நான் என் சீட்டை விரிச்சுப் போட்டுட்டு எழுந்து போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்தா, ஏஸ் கிடக்குது."

"பார்த்துட்டேன்."

"எதை?"

"மேல எழுதியிருந்ததை. ஹில்யேவுக்குத் தொடர்பு அறுந்துச்சே, அப்ப அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பட்லர்னு போட்டிருந்துச்சு. எல்லாருக்கும் எழுதப் போனேன். எழுதல."

"வேற யாருக்குத் தெரியும்?"

"உனக்கு."

"அப்ப யாருக்கும் தெரியாது."

"மென்னோ, ஒரு கப்பலுக்கு மட்டும் தண்ணி எவ்வளவுன்னு சொல்லிட்டு மத்ததைக் குத்துமதிப்பா உள்ள விட்ட மாதிரி இது."

"கப்பல்னா தரை தட்டும், ஆள் சாவான். இங்க யாரு செத்தா? பல் டாக்டரா?"

"அவர் விட்டுடலாம்னுதான் சொல்றார்."

"பாரு. அந்தாளே சொல்றான்." அவன் மூச்சு விடுவது கேட்டது. "எனக்கு எழுபத்தி மூணு, ஃபென்னா. மாசாமாசம் குரோனிங்கன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணுல ஊசி போட்டுக்கறேன். இப்பவே கிளாவர் எது ஸ்பேட் எதுன்னு நிறத்தை மாத்தி வெச்சாதான் தெரியுது. அடுத்த வருஷம் வர்ற நிலைமையில இருப்பேனான்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டேங்கறான்."

"முதல்ல எண்ணிப் பார்க்கறேன்."

"எண்ணு. சதவீதத்துலயும் நாம முதல்னா பேச்சே இல்ல."

"அதுக்குத்தான் எண்ணப் போறேன்."

தளத்தில் முடிந்துபோன போட்டியின் முறையை மாற்ற வழியில்லை. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏழு மேசையில் என்ன நடந்தது என்பதை அச்செடுக்கலாம். இருபத்துநாலு காகிதம். அவள் பென்சிலைச் சீவி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒன்றாவது ஆட்டத்திலிருந்து தொடங்கினாள். முந்தினால் இரண்டு, சமமானால் ஒன்று. கை மறந்திருக்கவில்லை. பாதியில் காபி போட்டு, ஒரு பிஸ்கட் எடுத்து, டப்பாவை மூடினாள். பன்னிரண்டாவது ஆட்டம் வரை அவர்கள் எல்லோருக்கும் முன்னால் இருந்தார்கள். பதினாறு வரை மூன்று புள்ளி முன்னால்.

பதினேழாவது காகிதத்தில் ஆறு மேசையில் ஒரே எண்; எல்லோரும் பத்துப் பிடி எடுத்திருந்தார்கள். ராஜா இடது பக்கம்தான் இருந்தது. ஏழாவது மேசையில் ஒன்பது. முந்தியது யாரையும் இல்லை, சமம் யாரோடும் இல்லை. அவள் தன் பெயருக்கு நேரே சுழியம் போட்டாள். பட்லரில் இதே ஆட்டத்துக்கு அவள் இழந்தது ஒரே ஒரு புள்ளி.

இருபத்துநாலும் கூட்டி முடித்தபோது ஆறே கால். மொத்தம் இருநூற்று எண்பத்தெட்டுக்கு ரெய்ண்ட், ஆலிடா நூற்று எழுபது. ஃபென்னா, மென்னோ நூற்று அறுபத்தொன்பது.

மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை கூட்டினாள். மாறவில்லை. அதற்குப் பிறகு, யாரும் கேட்காமலே, பதினேழில் ராணியை இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் எண்ணிப் பார்த்தாள். நூற்று எழுபத்தைந்து.

மின்னஞ்சல் எழுத அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"அறிவித்தபடி சதவீத முறையில் கையால் எண்ணிய முடிவு இணைப்பில் உள்ளது. கோப்பை ரெய்ண்ட், ஆலிடாவுக்கு. எண்ணும் முறை பட்லர் என்று பதிவாகியிருப்பதைப் பதினாறாவது ஆட்டத்துக்குப் பிறகு நான் பார்த்தேன், யாருக்கும் சொல்லவில்லை. பதினேழாவது ஆட்டத்தை அதைத் தெரிந்துகொண்டே ஆடினேன். மென்னோவுக்கு அது தெரியாது. யாராவது மறுபடி எண்ண விரும்பினால் காகிதங்கள் என்னிடம் இருக்கின்றன."

பெறுநர் இடத்தில் இருபத்தெட்டுப் பெயர்கள் இருந்தன. அவற்றில் மென்னோவின் பெயர்மேல் சற்று நேரம் அவள் பார்வை நின்றது. முதலில் அவனைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் அவன் வேண்டாம் என்பான். அவன் வேண்டாம் என்று சொன்னபின் அனுப்ப அவளால் முடியாது. ஆறு ஐம்பதுக்கு அனுப்பினாள்.

ஏழடிக்க ஒரு நிமிடம் இருந்தபோது அவன் கூப்பிட்டான்.

"அதுல என் பேரும் இருந்துச்சு" என்றான்.

"ஆமா."

"கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

"உன் பேரை நீ எடுத்துக்கோ, தூக்கிப் போடு. என் பேரைத் தூக்கிப் போட உனக்கு யாரு உரிமை கொடுத்தா? நான் எதையும் பார்க்கல. நான் தண்ணி குடிச்சிட்டு வந்தேன்."

"ஜோடின்னா ரெண்டு பேரும்தான், மென்னோ."

"இப்ப ஜோடி. மதியத்துல இருந்து ஆறு அம்பது வரைக்கும் என்னவா இருந்தோம்?"

அவள் மேசையில் கிடந்த காகிதங்களை வரிசைப்படி அடுக்கினாள்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றான். "நீ எப்பவும் ஆடுற மாதிரி ஆடியிருந்தா?"

அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். "நூத்தி எழுபத்தஞ்சு" என்றாள்.

"சரி, துறைமுகம். முடிஞ்சுது" என்றான். மதகிலிருந்து ஒவ்வொரு உரையாடலையும் முப்பது வருஷம் அப்படித்தான் முடித்திருக்கிறான். வைத்துவிட்டான்.

*

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் மழை, பத்து மணிக்கு மேல் காற்று மட்டும். ஃபென்னா எட்டு மணிக்கு எழுந்தாள். ஐந்து பதில் வந்திருந்தது. ஹில்யே, தான் மாவுக் கையால் தொட்டதால்தான் இதெல்லாம் நடந்ததா என்று கேட்டிருந்தாள். இருவர் அடுத்த புதன்கிழமை எத்தனை மணி என்று கேட்டிருந்தார்கள். ஹார்ம், தனக்குச் சதவீதத்தில் ஒன்பதாவது இடம் கிடைத்ததற்கு நன்றி சொல்லியிருந்தார். ரெய்ண்ட் ஒரு வரி எழுதியிருந்தார்: காகிதங்களை அனுப்பு, நானும் ஒரு தடவை எண்ணுகிறேன்.

அவள் இருபத்துநாலு காகிதத்தையும் ஒரு உறையில் போட்டு, சைக்கிளில் போய் அவர் வீட்டுத் தபால் துவாரத்தில் போட்டாள். வரும் வழியில் முட்டையும் சிவப்பு முட்டைக்கோஸும் வாங்கினாள். எதிர்க்காற்றில் பாதித் தூரம் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள்.

பதினொன்றரைக்கு ஆலிடா கூப்பிட்டாள். நிர்வாகக் குழு தொலைபேசியிலேயே பேசி முடித்திருந்தது. இனிமேல் கோப்பை நாளில் நடத்துகிறவர் ஆடக்கூடாது, ஆடுகிறவர் நடத்தக்கூடாது. அடுத்த வருஷம் எதைச் செய்யப் போகிறாய் என்று கேட்டாள். யோசித்துச் சொல்வதாக ஃபென்னா சொன்னாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவளும் மென்னோவும் பயிற்சிக்கு ஆடுவது வழக்கம். மூன்று மணிக்கு அவன் வரவில்லை. மூன்று இருபத்தைந்துக்குத் திரையில் வந்தான். எட்டு ஆட்டம் ஆடினார்கள், எதிரில் போலந்துக்காரர்கள் இரண்டு பேர். அரட்டைப் பெட்டியில் போலந்துக்காரர்கள் மட்டும் எழுதினார்கள். நாலு நாற்பதுக்கு மென்னோ போனான். ஃபென்னா கருவிகளை அணைத்து, மேசையைத் துடைத்து, முட்டைக்கோஸை நறுக்கினாள்.